பின் டயர் மட்டும் அகலம்: காரைக்குடி இன்னோவா ஒன்றின் கதை

வண்டி பழைய இன்னோவா, க்ரிஸ்டாவுக்கு முந்தையது. மஞ்சள் போர்டு, டிரைவரோடு சேர்த்து எட்டு பேர் உட்காரலாம். காரைக்குடியில் சொந்தமாக டிராவல்ஸ் ஓட்டுகிற ஒரு அண்ணனுடையது. கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று கோயில் சுற்றுகிறவர்கள், கல்யாணத்துக்காக மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்குகிற வெளிநாட்டுச் சொந்தங்கள், இவர்கள்தான் அவருக்குச் சவாரி. நான்கு ரிம்மும் வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்தவை, மாற்றவே இல்லை. முன்னால் கம்பெனி சொன்ன 205/65 ஆர்15 டயர். பின்னால் மட்டும் அதைவிட அகலமான 225/60 ஆர்15. கேஸே இந்தக் கடைசி வரிதான்.

ஆனால் அவர் டயரைப் பற்றிப் பேச வரவில்லை. அலைன்மென்ட் பார்க்கத்தான் எங்கள் கடைக்கு வந்தார். "தம்பி, எம்பதைத் தாண்டினா பின்னாடி யாரோ புடிச்சு ஆட்டுற மாதிரி இருக்கு. திருச்சி ரோட்டுல ஒரு லாரியை முந்திட்டு உள்ள வந்தா, வண்டி ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் நேராகுது" என்றார். அதற்கு முன்பே வேறொரு இடத்தில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டார்கள், புஷ்களையும் மாற்றிவிட்டார்கள், காசு போனதே தவிர ஆட்டம் போகவில்லை. கூடவே இன்னும் இரண்டு புகார். ஆள் நிறைய ஏறிய பிறகு வேகத்தடையில் இறங்கினால் இடது பின்பக்கம் 'சர்ர்' என்று ஒரு சத்தம். அப்புறம், போட்டு அதிக நாள் ஆகாத பின் டயரின் நடுப்பகுதி மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது.

இந்த வண்டியில் பின்னால் இருப்பது இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே முழு ஆக்ஸில். மெஷினில் ஏற்றினால் பின் சக்கரக் கோணம் எவ்வளவு என்று திரையில் தெரியும், ஆனால் முன்பக்கம் மாதிரி திருகிச் சரி செய்ய அங்கே நட்டு கிடையாது. ஆக்ஸில் வளைந்தோ இடம் விலகியோ இருந்தால்தான் கணக்கு தப்பும், இதில் கணக்கு சரியாகவே வந்தது. எனவே அலைன்மென்ட்டை அதோடு விட்டுவிட்டு டயர் பக்கம் போனோம்.

எதற்காக அகல டயர் போட்டார் என்று கேட்டேன். வண்டி பின்னால் தாழ்ந்து போகிறது, அகல டயர் போட்டால் வெயிட் தாங்கும் என்று யாரோ சொன்னார்களாம். பின்னால் தாழ்வது உண்மைதான், அதற்குக் காரணமும் ஊரிலேயே இருக்கிறது. இங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு திரும்புவதில்லை. ஆத்தங்குடியில் நின்று பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற பூ வேலைக் கல், வாங்குகிறார்கள். பத்து அங்குலக் கல் ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் வரும், அதை மாதிரிக்கு என்று ஆரம்பித்துப் பெட்டி பெட்டியாக எடுக்கிறார்கள். அங்கிருந்து முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து பழைய பித்தளை அண்டா, மரத்தூணின் தலைப்பலகை, எனாமல் அடுக்கு என்று வாங்கி, எல்லாவற்றையும் டிக்கியில் திணிக்கிறார்கள். இன்னோவாவில் மூன்றாவது சீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த இடம் பின் ஆக்ஸிலையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 100 கிலோ வைத்தால் பின் சக்கரத்தில் இறங்குவது 100 கிலோவுக்கும் மேல், ஏனென்றால் அந்தச் சுமை முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி அந்தப் பங்கையும் பின்னாலேயே போட்டுவிடும். தை மாதம் பழனி பாதயாத்திரைக்கு அரிசி மூட்டையும் பாத்திரமுமாகப் பின்தொடர்கிற வண்டிகளிலும் இதே கதைதான்.

இரண்டாவது காரணம் அவருடைய மகன். பின்னால் நின்று பார்த்தால் கெத்தாக இருக்கிறதாம். அதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை, நின்றுகொண்டிருக்கும்போது கெத்தாகத்தான் இருக்கிறது.

டயரைச் சென்னையில் ஒரு பழைய டயர்க் கடையில் ஜோடியாக வாங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு கார் எதிலிருந்தோ கழற்றியது. கடைக்காரர் சொன்ன உத்தரவாதம்: "உங்க ரிம்மும் 15, இதுவும் 15, கண்ணை மூடிட்டு மாட்டலாம்." ரிம்மில் உட்காருமா என்று மட்டும் கேட்டால் அவர் சொன்னது சரி. உட்காரும், காற்றும் நிற்கும். பலர் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டயர் மேலே இருக்கிற எண்ணில் 205 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 205/65-க்கு மொத்த உயரம் 647.5 மி.மீ. வரும், 225/60-க்கு 651. வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது, ஸ்பீடோமீட்டருக்கும் உறைக்காது. இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தவர்கள் அருமையான பொருத்தம் என்று சொல்லிவிடுவார்கள். இணையத்தில் டயர் அளவு ஒப்பிடும் பக்கங்களும் பச்சை டிக் காட்டும்.

டயரில் எழுதியிருக்காத ஒரு எண் ரிம்மில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி, சேற்றைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். 15×6ஜே. அதாவது டயரின் இரண்டு ஓரமும் உட்காருகிற இடங்களுக்கு நடுவில் 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. ஒவ்வொரு டயர் அளவுக்கும் எத்தனை அங்குல ரிம்மிலிருந்து எத்தனை அங்குலம் வரை போடலாம் என்று டயர் கம்பெனிகள் அட்டவணை தருகின்றன. 205/65 ஆர்15-க்கு 5.5 முதல் 7.5 வரை, 6 என்பது அதன் இயல்பான அளவு. கம்பெனி இந்த வண்டிக்குக் கொடுத்திருப்பதும் அதுதான். 225/60 ஆர்15-க்கு 6 முதல் 8 வரை, இயல்பான அளவு 6.5. ஆக இந்த டயர் அட்டவணைக்குள் இருக்கிறது, ஆனால் கடைசிப் படியில் இருக்கிறது. அரை அங்குலம் குறைந்திருந்தால் வெளியே. இன்னொரு அளவு மேலே போய் 235/60 ஆர்15 கிடைத்திருந்தால் அதையும் மாட்டியிருப்பார்கள், அதற்கோ 6.5-க்குக் கீழ் ரிம்மே கூடாது.

கடைசிப் படியில் இருந்தால் என்ன ஆகும்? தலையணையை இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே நெருக்கினால் நடுவில் புடைக்கும் இல்லையா, அதுதான் ஆகும். ரிம் குறுகலாக இருப்பதால் பக்கச்சுவர் இரண்டும் ரிம்மை நோக்கி உள்ளே சாய்ந்து நிற்கின்றன, ரோட்டைத் தொடுகிற நடுப்பட்டை வெளியே தள்ளுகிறது. சாய்ந்து நிற்கிற சுவருக்குப் பக்கவாட்டில் தாங்கும் விறைப்பு குறைவு. இன்னொன்று, காசு கொடுத்து வாங்கிய அகலமும் முழுசாக வராது. டயரின் உண்மையான அகலத்தை அளப்பது அதன் இயல்பான ரிம்மில் வைத்து. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் சுமார் 5 மி.மீ. ஒடுங்கும். 6.5-இல் 228 மி.மீ. வர வேண்டியது 6-இல் 223-ஐ ஒட்டித்தான் வரும். பழைய டயர் அதே ரிம்மில் 209. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது 14 மி.மீ., ஒரு விரல் அகலம் கூட இல்லை.

சாக்பீஸ் போட்டுப் பார்த்ததில்தான் அண்ணனுக்கு விஷயம் பிடிபட்டது. நான் மேலே எழுதிய கணக்கையெல்லாம் வாயால் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பின் சீட்டுகளில் கடைப் பையன்களை ஏற்றினோம், டிக்கியில் இரண்டு பழைய பேட்டரியை வைத்தோம். பின் டயரின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, சாக்பீஸைப் படுக்க வைத்துத் தடியாக ஒரு பட்டை போட்டோம். தரை நல்ல சிமெண்ட் தரை. வண்டியை ஸ்டியரிங் திருப்பாமல் நேராகத் தள்ளி, டயர் சில சுற்று உருண்டதும் நிறுத்திப் பார்த்தோம். அப்போது டயரில் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ. நடுவில் நான்கு விரல் அகலத்துக்குத் துடைத்துப் போட்ட மாதிரி கருப்பு, இரண்டு பக்கமும் சாக்பீஸ் அப்படியே வெள்ளையாக நின்றது. டயரின் மொத்த அகலத்தில் தரையைத் தொட்டது அவ்வளவுதான். 225 போட்டவர் ஓட்டிக்கொண்டிருந்தது மோட்டார் சைக்கிள் டயர் அகலத்தில். நடுப்பகுதி ஏன் வழவழவென்று ஆனது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

காற்றைக் குறைத்தோம். 34-இல் கருப்பு அகலமானது, ஓரங்களில் விரலளவு வெள்ளை மிச்சம். 28-க்கு வந்தபோதுதான் பட்டை முழுக்க அழிந்தது. "அப்ப 28 வெச்சா சரியாப் போச்சு" என்றார் அண்ணன். இதே யோசனையை ஏற்கெனவே யாரோ சொல்லி 28-இல் கொஞ்ச நாள் ஓட்டியும் இருக்கிறார், ஆட்டம் தாங்காமல்தான் திரும்ப 40-க்கு ஏற்றியிருக்கிறார்.

ஏன் ஆடுகிறது என்பதையும் காட்டினோம். 28 காற்றோடு நிற்கிற வண்டியின் பின் கதவுத் தூணைப் பிடித்து ஒருவர் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி விட வேண்டும், இன்னொருவர் குனிந்து பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ரிம் இடமும் வலமுமாகப் போய் வருகிறது, டயரின் அடி மட்டும் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் பக்கச்சுவர் வளைந்து வளைந்து நிமிர்கிறது. அன்றைக்கு அலைன்மென்ட்டுக்கு வந்து நின்ற இன்னொரு இன்னோவாவிலும், 205 டயர், இதே மாதிரி தள்ளிப் பார்த்தோம். அதிலும் அசைவு உண்டு, ஆனால் பாதிகூட இல்லை. லாரியை முந்தி உள்ளே வரும்போது நடப்பது இதுதான்: முன் சக்கரம் திரும்பிவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது, பின் ரிம் திரும்பிவிட்டது, டயரின் அடி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. அந்தத் தாமதத்தைத்தான் அவர் ஷாக் அப்சார்பரில் தேடிக்கொண்டிருந்தார்.

பொதுவாகப் பின் டயரை மட்டும் அகலமாக்கினால் பின்பக்கப் பிடிப்பு கூடும், முன்பக்கம் சோம்பேறியாகும், வளைவில் வண்டி வெளிப்பக்கமாகப் போகப் பார்க்கும் என்பார்கள். ரிம்மும் சேர்ந்து அகலமானால் அது சரி. ரிம் அப்படியே இருக்க டயர் மட்டும் பெருத்தால் இந்த மாதிரி தலைகீழாகவும் நடக்கும், பிடிப்புக்காகப் போட்ட இடமே தளர்ந்து போகும்.

இப்போது வெயிட் தாங்கும் விஷயம். என்னைக் கேட்டால் இந்தக் கேஸில் முக்கியமான பகுதி இதுதான், ஏனென்றால் அகல டயர் வெயிட் தாங்கும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர் டிராவல்ஸ் ஸ்டாண்டில் அசைக்க முடியாததாக இருக்கிறது. டயர் அளவுக்குப் பக்கத்தில் 94, 96 என்று ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். எண் லோடு இண்டெக்ஸ். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ, 96 என்றால் 710 கிலோ. முன்னால் இருந்த 205-இல் 94, பின்னால் போட்ட 225-இல் 96. ஒரு டயருக்கு 40 கிலோ லாபம் போலத் தெரிகிறது. ஆனால் அந்த 670, 710 எல்லாம் முழுக் காற்றில், சாதாரண கார் டயருக்கு 36 பிஎஸ்ஐயில் சொல்லப்படுகிற எடை. காற்று குறையக் குறைய டயர் தாங்குகிற எடையும் இறங்கும். 28-இல் அந்த 710 சுமார் 600-க்கு வந்துவிடும். 36 காற்று வைத்த பழைய 205-ஐ விட இது கம்மி. வண்டியைத் தூக்கிப் பிடிப்பது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கிற காற்றுதான்.

ஆக மாட்டிக்கொண்ட இடம் இது: டயரின் பட்டை தரையில் சமமாகப் படிய 28 வேண்டும், எட்டு பேரையும் ஆத்தங்குடிக் கல்லையும் தாங்க 36 வேண்டும். இரண்டுக்கும் பொதுவான எண் ஒன்று இந்த ரிம்மில் இந்த டயருக்குக் கிடையாது. 28-இல் முழு லோடு ஏற்றி மே மாத வெயிலில் மதுரை வரை போனால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடாகும், டயர் வெடிப்பதில் பெரும்பகுதி இப்படிக் காற்று குறைவாகவும் சுமை அதிகமாகவும் இருக்கிற சூட்டில்தான் ஆரம்பிக்கிறது. இதற்கு நடுவே நைட்ரஜன் அடித்தால் சரியாகிவிடுமா என்று ஒரு கேள்வி வந்தது. நாம் சும்மா அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மிச்சத்துக்குக் காசு கொடுப்பது அவரவர் இஷ்டம், இந்தப் பிரச்சனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உரசல் சத்தம் தனிக் கதை. மட்கார்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தால் இடது பக்கம் மட்டும், சக்கர வளைவின் உள்மடிப்பில், சாண் நீளத்துக்கு பெயிண்ட் போய்த் தகரம் பளபளத்தது. வலது பக்கம் தூசிகூடக் கலையவில்லை. இரண்டு பக்கமும் ஒரே டயர், ஒரே ரிம், ஏன் ஒரு பக்கம் மட்டும்? இந்த வண்டியின் பின் சஸ்பென்ஷனில் நான்கு லிங்க்கோடு சேர்த்து, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளக் குறுக்காக ஒரு நீளத் தண்டு இருக்கிறது. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். உடம்பு மேலும் கீழும் போகும்போது அந்தத் தண்டு ஒரு வில் மாதிரி வளைவில் சுற்றுவதால், ஆக்ஸில் மொத்தமும் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். கம்பெனி டயரில் இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அகலத்தில் கூடிய 14 மி.மீ. உள்ளே 7, வெளியே 7 என்று பிரிந்தது, அந்த 7-உம் ஆக்ஸில் நகர்ந்த அளவும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. காலி வண்டியில் இடைவெளியை விரலால் அளந்து பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லோடு ஏற்றி, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் கட்டையில் ஏற்றி நிறுத்திப் பார்த்தால்தான் உண்மையான இடைவெளி தெரியும்.

சரி, பின்னால் மட்டும் என்பதால் வருகிற தொல்லைகள். முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் நன்றாகத் தேய்ந்திருந்தது. செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராகக் கட்டம் கட்டமாக இருக்கின்றன, பார்க்க அழகு, ஆனால் வண்டிக்காரருக்கு ஒவ்வொரு முனையிலும் முழு ஒடிப்பு. சாதாரணமாக 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் டயர்களை மாற்றிப் போட்டால் தேய்மானம் பரவலாகிவிடும். அளவு வேறாகிவிட்டால் அந்த வழி அடைபட்டது. முன் டயர் ஓரத்தில் தேயும், பின் டயர் நடுவில் தேயும், இரண்டும் முழுசாக உழைக்காமலே கழிந்து போகும். ஸ்டெப்னி இன்னும் பழைய 205. வழியில் பின்பக்கம் பஞ்சரானால் ஒரு பக்கம் 205, மறுபக்கம் 225 என்று ஓட வேண்டும். உயரம் ஏறக்குறைய ஒன்று என்பதால், பின் சக்கரம் இரண்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலுக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் பிரேக் அழுத்தும்போதும் வளைவிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

மழையை மறக்கக்கூடாது. ஒரே எடையைத் தாங்குகிற இரண்டு டயரில் அகலமானது தண்ணீரை விலக்கப் படாத பாடு படும், அதிலும் நடுப்பட்டையின் பள்ளங்களே தேய்ந்து போன டயர். பள்ளத்தூர் பக்கம் கண்மாய்க் கரை வளைவில், தூறல் விழுந்த சமயம், வண்டி பின்னால் வழுக்கிக்கொண்டு போனதை அவர் நடுவில் போகிற போக்கில் சொன்னார். தார் ரோட்டின் மேல் செம்மண் தூசி படிந்திருக்கிற நேரத்தில் முதல் தூறல் விழுந்தால் அது வெறும் தண்ணீர் இல்லை, குழம்பு. முதலில் சொல்லியிருக்க வேண்டிய புகார் அதுதான்.

சட்டம் பற்றி இரண்டு வரி. டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் கார் ரோட்டில் ஓடக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி, நடுவில் அளந்தாலும் அதுதான் கணக்கு. டிரைவர் போக ஆறு பேருக்கு மேல் ஏற்றுகிற மஞ்சள் போர்டு வண்டி என்றால் அது மேக்ஸி கேப், அந்த வகைக்கு ஆர்சி என்கிற பதிவுச் சான்றிலேயே டயரின் அளவும் பதிவாகிறது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அப்போது மட்டும் பழைய டயரை மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிற வழக்கம் நம்மூரில் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் விபத்து என்று வந்து இன்சூரன்ஸ்காரர் குனிந்து டயரைப் படித்துப் பார்க்கிற நாளில் அந்த வேலை உதவாது.

என்ன செய்தோம் என்பதற்கு முன்னால், வண்டி ஏன் பின்னால் தாழ்ந்தது என்ற ஆரம்பக் கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி இருந்தது. சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை டேப் வைத்து அளந்தோம், பக்கத்தில் நின்ற மற்ற இன்னோவாவிலும் அளந்தோம். இவருடையது ஒன்றரை அங்குலம் கீழே. காயில் ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்து போயிருந்தன, வருடக்கணக்கில் கல்லும் பித்தளையும் சுமந்தால் தளராமல் என்ன செய்யும். ஷாக் அப்சார்பர் மாற்றியவர்கள் ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்கும், வண்டியின் உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான்.

வழிகள் மூன்று இருந்தன. 7 அங்குல ரிம் வாங்கி 225-ஐ அதில் போடுவது, டயருக்கு வசதிதான், ஆனால் செலவு, அதோடு ரிம் உள்ளே வெளியே எவ்வளவு நீட்டும் என்பதும் மாறி உரசல் கூடலாம், ஆர்சி விவகாரம் அப்படியே நிற்கும். இரண்டாவது, நான்கு சக்கரத்துக்கும் 215/65 ஆர்15. இது 6 அங்குல ரிம்மில் அட்டவணைப்படி போகும், லோடு இண்டெக்ஸ் 96, உயரம் 2 சதவீதம் கூடும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற சிலர் இதைப் போட்டு நன்றாகவே ஓட்டுகிறார்கள், இருந்தாலும் அந்த டயருக்கும் 6 அங்குலம் கடைசிப் படிதான். மூன்றாவது, கம்பெனி அளவுக்கே திரும்புவது.

அண்ணன் மூன்றாவதை எடுத்தார். புது ஸ்பிரிங் ஜோடி, பின்னால் புது 205/65 ஆர்15 ஜோடி. இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: இதே 205/65 ஆர்15 அளவில் எக்ஸ்ட்ரா லோடு என்று ஒரு வகை வருகிறது, லோடு இண்டெக்ஸ் 99, ஒரு டயர் 775 கிலோ. அகலம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாமல் சாதாரண 205-ஐ விட நூறு கிலோ அதிகம். அவர் 225-இல் தேடியது இதைத்தான். ஆனால் அந்த 775 கிடைக்க 42 பிஎஸ்ஐ வேண்டும், 36-இல் ஓட்டினால் சாதாரண டயருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டயர் தாங்குகிறதே என்பதற்காக ஆர்சியில் எழுதியிருக்கிற மொத்த எடையைத் தாண்டவும் முடியாது, ஆக்ஸிலும் பிரேக்கும் பழையபடி அதே வண்டிக்கு உரியவை. விலையைக் கேட்டுவிட்டுச் சாதாரண 94-ஐயே வாங்கிக்கொண்டார், அவர் ஏற்றுகிற சுமைக்கு 36 காற்றோடு அது போதும்.

மாட்டியதும் மறுபடி அதே பையன்கள், அதே பேட்டரி, அதே சாக்பீஸ். 36-இல் பட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராக அழிந்தது. தள்ளிப் பார்த்ததில் ரிம்மும் டயரும் ஏறக்குறைய சேர்ந்தே அசைந்தன. திருச்சி பைபாஸ் வரை போய் வந்து, முந்தி உள்ளே வரும்போது ஸ்டியரிங்கை இப்போது ஒரு தடவைதான் திருப்புகிறேன், முன்னால் திருப்பித் திருப்பிச் சரி செய்ய வேண்டியிருந்தது என்றார். உரசலும் நின்றது, மட்கார்டு மடிப்புக்குத் துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடித்துவிட்டோம். மகனுக்கு மட்டும் முகம் சரியில்லை.

கழற்றிய 225 ஜோடியைச் சென்னைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதை வேறு யாருக்காவது தள்ளிவிடலாமா என்று பேச்சு வந்தபோது பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கத் தேதியைக் காட்டினேன். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். வாங்கும்போதே அதற்குப் பத்து வயது நெருங்கியிருந்தது. பட்டையின் ஓரங்களில் பள்ளம் இருந்தாலும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. பழைய டயர் வாங்குகிறவர்கள் பள்ளத்தில் காசை விட்டுப் பார்ப்பதற்கு முன் அந்த நான்கு இலக்கத்தைப் படிக்க வேண்டும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கிற பையன்கள் கேட்காமலே 30 வைத்துவிடுகிறார்கள் என்பதால், கதவுத் தூணில் இருக்கிற கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்து, காலிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று என்று இரண்டு எண்ணையும் டீசல் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், காலையிலேயே வைக்க வேண்டிய அளவு அது. முன் டயர் இரண்டின் வெளி ஓரத்தில் பள்ளம் 2 மி.மீ.க்கு வந்துவிட்டது, ஐப்பசி மழைக்கு முன்னால் அதையும் மாற்றிவிட்டு, அதற்கப்புறம் நான்கையும் முறை வைத்து மாற்றிப் போடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.